பிச்சாவரம் கன்வெர்ட்டர் அறை

புயல் கரையைக் கடந்த மறுநாள், பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. பிச்சாவரம் சாலையில் ஜீப் மேற்கொண்டு போகவில்லை. புதிதாக மாற்றலாகி வந்த உதவிப் பொறியாளர் தமிழ்ச்செல்வி, முட்டியளவு தண்ணீரில் நடந்தே துணைமின் நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வெளியிலிருந்து வரும் பெரிய லைன் அறுந்து கிடந்தது. சிதம்பரத்துக்கு இப்போது காற்றாலைகளை விட்டால் வேறு கதியில்லை. அனல்மின் நிலையத்தில் சுழலும் பெரிய சக்கரத்தின் கனம் காற்றாலைக்குக் கிடையாது. சின்ன அதிர்ச்சிக்கே மின்சாரம் தாளம் தப்பிவிடும். அதை இந்த நிலையத்திலுள்ள கன்வெர்ட்டர் எந்திரம்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அதுவோ காலையிலிருந்து நின்று நின்று போனது. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துகொண்டிருந்தது.

“தானா நிக்கல மேடம்,” ஆபரேட்டர் உத்திராபதி குரலைத் தணித்தார். “மெஷின நிறுத்துற செவப்பு பட்டன அமுக்குறாங்க.”

“யாரு?”

“லைன்மேன் ஞானசேகரன். போன வருஷம் கரண்ட் இல்லன்னு நம்பி கம்பத்துல ஏறுனான். இந்த மெஷின்லேருந்து கரண்ட் பாஞ்சு செத்துட்டான்.”

“நீங்க வெளியில இருங்கண்ணே.”

கன்வெர்ட்டர் அறைக்குள் சில்லென்றிருந்தது. கழிமுகச் சேற்று வாடை. அதற்கடியில், தலைமுடி கருகிய வாடை. அவள் எந்திரத்தைக் கிளப்பினாள். ரீங்காரம் மெல்ல எழுந்தது. திரையில் மின்சாரத்தின் தாளத்தைக் காட்டித் துள்ளிய கோடு அடங்கி, நேரானது.

சிவப்பு பட்டன் அசைந்தது.

யாரும் தொடவில்லை.

அவள் பாய்ந்து அதன் குமிழுக்கு அடியில் விரல்களைக் கொடுத்து வெளிப்பக்கம் இழுத்தாள். அந்தக் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது. ஈரமாக. மரப்பட்டை மாதிரி சொரசொரவென்று.

“நிறுத்து,” காதோரம் மூச்சு. “லைன்ல ஆள் இருக்கு.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“இல்ல. வர்ற வழியில கம்பத்துல இருந்த எல்லாரையும் இறக்கி, ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்துட்டுதான் வந்தேன். உங்களுக்கு அத யாரும் செய்யல. அநியாயம்தான். அதுக்காக ஆஸ்பத்திரில கெடக்குறவங்க சாகணுமா?”

பிடி இறுகியது. மணிக்கட்டுக்குள் ஏதோ நொறுங்கியது.

கோடு துள்ளியது.

“ஒடிச்சுக்க!” என்று கத்தினாள். “கைய எடுக்கமாட்டேன்!”

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, அவளுக்கே தெரியாது. பாரம் சட்டென்று விலகியபோது உத்திராபதி வெளியிலிருந்து கூவினார். “பெரிய லைன் வந்துடுச்சு மேடம்!”

கட்டுப்போட்டுக்கொள்ள, தண்ணீரில் திரும்ப நடந்து, ஜீப்பில் சிதம்பரம் போனாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைகளில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது போன் அடித்தது.

“மேடம்,” உத்திராபதிக்கு வாய் குழறியது. “ரூம பூட்டலாம்னு வந்தேன். உள்பக்கமா தாழ்ப்பா போட்டிருக்கு. உள்ள யாரும்...”

அவர் குரல் அறுந்தது. அந்த இடத்தில், மிக அருகில், ஒரு மூச்சு.

“நாளைக்கு யாரு வரா?”

தமிழ்ச்செல்வி வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“நான்தான்,” என்றாள். “எல்லார் மூஞ்சியையும் பாத்துட்டு.”