எட்டாவது இணைப்பு

"செல்லக்கண்ணு பெரியப்பா வீட்டு லைனைக் கழட்டி எங்களுக்குக் குடுங்கண்ணே."

பானுப்ரியா கேட்டேவிட்டாள். கேபிள்காரர் அருள்ராஜிடம் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அம்மா காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தாள். இன்டர்நெட் இணைப்புக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது பானுவுக்கு. கம்பத்துப் பெட்டியில் எட்டு வீட்டுக்குத்தான் இடம். ஏழு ஓடுகிறது. எட்டாவது, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் போகிறது. புதுப் பெட்டிக்கு எழுதிப்போட்டு ஏழு மாதம் ஆகிறது. மொபைல் சிக்னலோ, மாட்டுக்கொட்டகை ஓரம் மூச்சைப் பிடித்து நின்றால் ஒரு கோடு.

மன்னார்புரத்துக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. நாளை மூன்று மணிக்கு வீட்டு இணைப்பைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் ஆபீஸுக்கே வந்து வேலை பார்க்க வேண்டும். அப்பாவோ, "வீட்ல உக்காந்து பாக்கிறதுன்னா பாரு. ஹாஸ்டல் பேச்ச எடுத்தே, படிச்சது போதும்னு முடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

அருள்ராஜ் ஏணியைச் சுவரில் சாத்தினார். "அது படையல்மா."

"படையல்னா அப்புறம் எடுத்துச் சாப்பிடுறதுதானே? நாலு வருஷம் விட்டா ஊசிப்போயிடும்."

அவர் சிரிக்கவில்லை.

செல்லக்கண்ணுவின் மகள் விஜயராணி. ஊரடங்கின்போது பன்னிரண்டாம் வகுப்பு. சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து போனில் பாடம் கேட்பாள். "கேக்கல மிஸ்... கேக்கல மிஸ்" என்று அவள் கத்துவது மத்தியானம் முழுக்க ஊருக்கே கேட்கும். பானுவிடம் போன் இல்லை. தொட்டிக்குக் கீழே நின்று, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். ஒருநாள் மழை என்று பானு போகவில்லை. அன்றைக்குத்தான் விஜயராணி தொட்டிப் பாசியில் வழுக்கி விழுந்தாள்.

பதினாறாம் நாள் படையலில் எல்லோரும் பலகாரம் வைத்தார்கள். செல்லக்கண்ணு வீட்டுக்கு லைன் இழுத்து, மகள் படத்துக்கு முன்னால் ஒரு மோடத்தை வைத்தார். "எம் பொண்ணு கேட்டது இது ஒண்ணுதான்." பிறகு திருப்பூருக்குப் போனவர் திரும்பவில்லை. லைனைக் கழற்ற ஒருவருக்கும் கை வரவில்லை.

"வேற மோடம் கையில இல்ல. அதையேதான் எடுக்கணும்," என்று அருள்ராஜ், செல்லக்கண்ணு விட்டுப்போயிருந்த சாவியை அரை மனதோடு நீட்டினார். "தட்டிட்டு, கொஞ்சம் நின்னு திற. படையல் வெச்சுச் சாத்தின கதவை அப்படித்தானே திறப்போம்."

பானு தட்டவில்லை. தள்ளினாள்.

பல வருஷப் புழுக்கம். எலிப்புழுக்கை, சருகான சாமந்தி. நடுவே, சம்பந்தமே இல்லாமல், ஈரப்பாசியின் வாடை.

படத்துக்குக் கீழே மோடத்தின் பச்சை விளக்கு விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

"யாராவது நெட் பாத்துக்கிட்டிருந்தாத்தான் இப்படி அடிக்கும்," என்றார் அருள்ராஜ், வாசலைத் தாண்டாமலே.

"இந்த வீட்ல கரண்ட் இருக்காண்ணே?"

"கட் பண்ணி மூணு வருஷம்."

பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வயர்களைப் பிடுங்கினாள். துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

துணிக்குள் பச்சை துடித்துக்கொண்டே வந்தது.

மறுநாள் மூன்று மணி. எட்டாவது லைன் இப்போது பானு வீட்டில். திரையில் கம்பெனி மேனேஜர் மைத்ரேயி, ஸ்ரீரங்கத்துக்காரர். "நன்னா வரதும்மா, ஒரு தடங்கல் இல்லை. ஆனா பின்னாடி நிக்கறவாளைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லுங்கோ. தனியா இருக்கணும்கறது ரூல்."

பானு திரும்பவில்லை. திரை மூலையில் தெரிந்த தன் சின்னப் படத்தைப் பார்த்தாள். அவள் மட்டும்தான் இருந்தாள்.

"யாரும் இல்ல மேடம்."

"தலை சொட்டச் சொட்ட நிக்கறாளே. கையில நோட்டு வேற."

முதுகில் ஒரு சொட்டு விழுந்தது.

பாசி வாடை.

"சரி, உக்காந்துண்டுட்டா." மைத்ரேயி சிரித்தார். "தங்கையா?"

"கூடப் படிச்சவ."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. இந்த ஊரில் எல்லோரிடமும் கேட்டு நின்றாயிற்று. ஆனால் தட்டாமல் நுழைந்து பிடுங்கியது இவளிடம் மட்டும்தான்.

"மேடம், நான் ஆபீஸுக்கே வந்துடுறேன். காட்டூர்ல லேடீஸ் ஹாஸ்டல் இருக்குன்னீங்கள்ல?"

"ஏம்மா, இணைப்புதான் தேறிடுத்தே?"

"இது என் லைன் இல்ல மேடம்."

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். நாலு சுடிதார், சான்றிதழ் பைல். மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு நிற்கவில்லை. நிற்காது என்று அவளுக்குத் தெரியும். மேசை மேல் அதை நேராக நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து, படையலுக்குச் சாத்துவதுபோல் கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் அம்மா முறத்தோடு நிமிர்ந்தாள். "எங்கடி கெளம்பிட்ட? அப்பா கேட்டா என்ன சொல்ல?"

"வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லு. கேக்காமத்தான் போறேன்னும் சொல்லு. அப்புறம், அந்த ரூமுக்குள்ள போறதுன்னா தட்டிட்டு, கொஞ்சம் நின்னு போம்மா."

"உள்ள யாருடி இருக்கா?"

சாத்திய கதவுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. நோட்டுப் பக்கம் புரளும் சத்தம்.

"இப்ப கேக்குது மிஸ்."

அம்மாவின் கையிலிருந்து முறம் நழுவியது. பானு செருப்பை மாட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் மூன்றே முக்கால் பஸ்ஸுக்குப் படியிறங்கினாள்.