பழைய நேரத்துப் பெரட்டு

ஊரடங்கு வந்த பிறகு ரப்பர் தோட்டத்தில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு எண்ணும் பெரட்டு காலை ஆறரைக்குத்தான். அப்படியிருக்க, பழைய பெரட்டு நேரமான ஐந்து மணிக்கே பங்களாவின் கீழ்க்கூடத்தில் யாரோ பேர் கூப்பிடுவது பஞ்சாலைக்குக் கேட்டது.

பெரட்டு அவளுக்குப் புதிதா என்ன? அவள் புருஷன் மாயாண்டி எந்த நாளில் நேரத்துக்கு வந்து நின்றான்? கணக்கெழுதும் கிராணி அவன் பேரைச் சொன்னதும், வரிசையில் நிற்கும் அவள்தான் "வந்துட்டாருங்க!" என்று குரல் கொடுப்பாள். அவன் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொள்வான். பத்து வருஷமாக இதே கூத்துதான்.

ஒரே ஒரு நாள் அவள் குரல் கொடுக்கவில்லை. துரை விருந்து வைத்த இந்தக் கூடத்தில் ஜப்பான்காரன் மேசை போட்டுப் பேர் வாசித்த நாள் அது. 'இருக்கேன்' என்றவர்களையெல்லாம் லோரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினான். அவள் அண்ணன் வீரமுத்து அப்படிப் போனவன்தான், திரும்பவேயில்லை. அவனுக்கு அடுத்த பேர் மாயாண்டி. அவன் மம்பா ஊரில் அக்கா வீட்டில் பதுங்கியிருந்தான். பஞ்சாலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது வருஷம் ஐம்பத்தொன்று. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று சர்க்கார் தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, பங்களாவைச் சுற்றி முள்வேலி போட்டு, எல்லோரையும் உள்ளே அடைத்துவிட்டது. துரை உடுப்பு மாற்றிய மாடி அறை இவர்களுக்கு. பெரிய யோகம்தான்!

மூன்று நாளாகக் கீழே பட்டியல் வளர்ந்துகொண்டே வந்தது. ஜப்பான்காரன் வாசித்த அதே பேர்கள், அதே வரிசை.

"நாளைக்கு அண்ணன் பேரு. அடுத்தது ஒங்க பேரு. போயிடலாம், வாங்க."

"எங்கடி போறது? ஆறு மணிக்கு முன்ன கேட்டுப் பக்கம் போனா சுட்டுருவான்லா. பேசாம படு."

நாலாம் நாள் அவள் விழித்தபோது, மழை ஈரமும் புளித்த ரப்பர் பால் நெடியும் மாடிப்படி வழியாக ஏறி வந்தன. பலகைத் தரையில் நிறைய வெறுங்கால்கள் நகர்ந்து, ஒன்றையொன்று இடித்து, வரிசையாகி, அடங்கின.

"வீரமுத்து."

"இருக்கேங்க."

அண்ணனேதான். அதே கரகரப்பு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் தூங்குகிற புருஷன் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள்.

"மாயாண்டி."

அழுத்தினாள்.

"மாயாண்டி."

அவன் வாய் திறக்கவில்லை. உள்ளங்கையில் அவன் மூச்சு. சூடாக. இருக்கிறான்.

மூன்றாம் தடவை, வரவில்லை என்று குறிக்கக் கிராணி பென்சிலைத் தூக்கும்போது இழுப்பாரே, அதே இழுப்பு.

"மாயா...ண்டி?"

"வந்துட்டாருங்க!"

சொன்னது அவள்தான்.

கைக்குள் மூச்சு நின்றது. வாய் இல்லை. முகம் இல்லை. பாயில் அவன் படுத்திருந்த சூடு மட்டும். கீழே, பலகைத் தரையில் இரண்டு கால்கள் அவசரமாக ஓடிவந்து வரிசையில் சேர்ந்தன, எப்போதும்போலத் தாமதமாக.