மூன்றாவது வளைவுக்கு மேலே

"அண்ணி, காலில என்னது அது?"

முட்டை உரித்துக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. மலையடிவாரத்து வாடகை வீட்டின் சமையலறை. மணி ஆறரை. மேசையில் ரொட்டிப் பொட்டலங்கள், அவித்த உருளைக்கிழங்கு, நறுக்கிய வெள்ளரி, இரண்டு ஃபிளாஸ்க்கில் தேநீர். ஒவ்வொரு கோடையிலும் ஒரு சனி, ஞாயிறு இங்கே வருவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். எல்லோரும் உச்சிக்கு ஏறுவார்கள். அண்ணி சாப்பாடு கட்டிக் கொடுப்பாள்.

"ஷூ... பையனோட பழைய ஷூ..." என்றாள்.

"அது தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

நாத்தனார் பேங்க் மேனேஜர். கேள்வி கேட்டால் எதிராளிக்குத் தானாகவே எழுந்து நிற்கத் தோன்றும்.

"இந்த வருஷம் நானும் மேல வரலாம்னு... முட்டித் தேய்மானம் அதிகமாயிட்டே வருது. அடுத்த வருஷம் படியே ஏறக்கூடாதுன்னுட்டார் எலும்பு டாக்டர். ஒரே ஒரு தடவை..."

"நல்லா இருக்கு அண்ணி! பதினெட்டு வருஷமா உங்களுக்குத் தலை சுத்துதுன்னு எங்கம்மா கீழேயே உக்காந்திருக்கா. ட்ரில் டீச்சர்! ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஓட வெச்சவ! ஒரு தடவையாவது உச்சியைப் பார்த்திருப்பாளா? அவளுக்கு எழுபத்தாறு வயசாகி, இனிமே ஏற முடியாதுன்னு ஆனப்புறம், உங்களுக்கு மட்டும் தலைச்சுத்தல் போயிடுச்சாக்கும்?"

அண்ணிக்கு முகம் சுண்டிப் போயிற்று. கூடத்தில் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, அண்ணியின் மாமியார், தலையை நிமிர்த்தவில்லை.

அண்ணியின் கணவர், ஊரறிந்த பல் டாக்டர், பல் துலக்கியபடியே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா காலங்கார்த்தால? வழியில மயங்கி விழுந்தா யாரு தூக்கிட்டு வர்றது? நீ அம்மா கூட இருந்துக்கோயேன். உனக்கு வேணுங்கிற போட்டோவெல்லாம் எடுத்துட்டு வந்துடறேன்."

போட்டோ! பதினெட்டு வருஷத்துப் போட்டோக்களையும் மனப்பாடமாக வைத்திருந்தாள் அவள். உச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி. காலையில் வெள்ளையாக இருக்கும், வெயில் ஏற ஏற நீலமாகும் என்று சொல்வார்கள். துணி மடிக்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் அந்த ஏரி அவளுக்குள் வந்து வந்து போகும். ஒரு தடவை மகனிடம் ஆசையாகக் கேட்டாள், "மேல காத்து எப்படிடா இருக்கு?" என்று. "காத்து மாதிரிதாம்மா இருக்கு!" என்றான் அந்த மகாராஜன்.

இப்போது அவள் கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள். முக்காலியில் உட்கார்ந்து குனிந்தாள். வலது கால் ஷூவின் லேஸைப் பிடித்து இழுத்தாள். கண்ணீர் சொட்டியதில் முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"லேஸை அவிழ்க்காதே!"

வீடே அதிர்ந்தது. பள்ளிக்கூட மைதானத்துக் குரல். அத்தை சமையலறை வாசற்படியில் நின்றிருந்தார்.

"அத்தை... வேண்டாம் அத்தை... நான் இருந்துக்கறேன்..."

"நீ வாயை மூடு. பதினெட்டு வருஷம் மூடினது போதாதா? ...அது வேற, இது வேற. இப்பவும் மூடு!" என்ற அத்தையின் குரல் பாதியில் உடைந்தது. மகள் பக்கம் திரும்பினார். "ஏன்டி, இவளுக்குத் தலை சுத்துதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அண்ணியேதான் சொன்னாங்க. முதல் வருஷம், கீழேயிருந்து கத்தினாங்களே!"

"கத்தினா. ஆமா. தலை சுத்தினது யாருக்கு?"

டாக்டரின் வாயில் பிரஷ் அப்படியே நின்றது.

"எனக்குடி! மூணாவது வளைவுல, அந்தப் பாறைச் சந்துல, கீழே பள்ளத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான். கால் ரெண்டும் என்னுது இல்லை. புல்லைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டேன். கண்ணைத் திறக்க முடியலை. நீங்கெல்லாம் முன்னாடி போயிட்டீங்க. 'பயம்ங்கிற வார்த்தையே என் கிரவுண்டுல கிடையாது'ன்னு பேசினவ நான். 'யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னு இவ காலைப் பிடிச்சேன். மேலேயிருந்து இவன் 'என்னாச்சு?'ன்னான். இவ ஒரு நொடி யோசிக்கலை. 'எனக்குத் தலை சுத்துதுங்க, அத்தை என்னைக் கூட்டிட்டுப் போறாங்க'ன்னா. அந்த வழி முழுக்க நான் தவழ்ந்து வந்தேன். பள்ளத்துப் பக்கம் இவ நடந்தா, எனக்குப் பள்ளம் தெரியாம மறைச்சுக்கிட்டு."

"அம்மா...! இதை ஏன் இத்தனை நாளா..."

"எப்படிச் சொல்வேன்? நீ போற இடமெல்லாம் எங்கம்மா தியாகின்னு பேசினே. கேக்க நல்லா இருந்ததுடி... இந்த வருஷம் சொல்லிடலாம், அடுத்த வருஷம் சொல்லிடலாம்னு... அவ தியாகத்தை நான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்."

டாக்டர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் மனைவி அருகில் வந்து தரையில் உட்கார்ந்தார். "வாயைத் திறக்கச் சொல்லி, வலி எங்கேன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் பொழைப்பு. உன்னை ஒருநாள்கூடக் கேக்கலையேம்மா..."

"எழுந்திருங்க... சட்டையெல்லாம் நுரை..." என்றாள் அண்ணி, அழுகைக்கு நடுவே.

நாத்தனார் சுவரில் சாய்ந்து விசும்பினாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலங்களைப் பைக்குள் வைத்தார். "கிளம்புங்க. வெயில் ஏறிடும். சாயங்காலச் சமையல் என்னுது."

"பாட்டி, உனக்கு வெந்நீர் வெக்கவே தெரியாதே!" என்றான், சத்தம் கேட்டு எழுந்து வந்திருந்த மகன்.

"அப்போ வெந்நீர்லேருந்து ஆரம்பிக்கிறேன். உனக்கென்னடா?"

ஏற ஏற அண்ணிக்கு முட்டி வலித்தது. பத்தடிக்கு ஒரு தடவை நின்றாள். மூன்றாவது வளைவு வந்தபோது, நாத்தனார் பள்ளத்துப் பக்கமாகப் போய் நடந்தாள். அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாறைச் சந்தைத் தாண்டிய பிறகும் கை விடுபடவில்லை.

"அண்ணி... என்னை நாலு வார்த்தை திட்டிடுங்களேன்..."

"மூச்சு வாங்குது. கீழே போய்த் திட்டறேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அந்த இடத்திலேயே கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

உச்சியை அடையும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஏரி நீலமாக இருந்தது. போட்டோவில் எங்கோ வெட்டுப்பட்டுப் போயிருந்த அதன் மறுகரையும், அதற்கப்பால் இன்னொரு மலையும், அதற்கும் அப்பால் மங்கலாக இன்னொன்றும் தெரிந்தன. அண்ணி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி மற்றவர்கள் பொட்டலங்களைப் பிரித்தார்கள். முதல் ரொட்டியை அவள் கையில் வைத்தான் மகன். அவள் சாப்பிட மறந்து வைத்திருந்தாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இறங்கலாமா?"

எல்லோரும் எழுந்தார்கள். அண்ணி எழவில்லை.

"நீங்க முன்னாடி போங்க," என்றாள், ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இன்னும் கொஞ்சம் பாக்கணும்."

ஒருவரும் போகவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பவும் உட்கார்ந்தார்கள்.