வாசம் பார்க்க வந்தவர்

செவ்வாய்க் கிரகத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்பது பெண் பார்க்கும் வைபவத்தைவிடப் பெரிய வைபவம். வீட்டுக்காரர், குடிவரப் போகிறவர்களின் இப்போதைய வீட்டுக்கு நேரில் வந்து, அன்று அங்கே சமைத்ததைச் சாப்பிட்டுப் பார்ப்பார். இதற்கு ‘வாசம் பார்ப்பது’ என்று பெயர். காரணம் இல்லாமல் இல்லை. தரைக்குக் கீழே பன்னிரண்டு அடுக்குகள். அடுக்குக்கு அடுக்கு எல்லா வீடுகளுக்கும் ஒரே காற்றுக்குழாய். நீங்கள் தாளிப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் மூக்கால் சாப்பிட்டே ஆக வேண்டும்.

அதனால் விளம்பரத்திலேயே தெளிவாகப் போட்டுவிடுவார்கள்: ‘மாட்டுக்கறி சாப்பிடும் குடும்பத்துக்கு மட்டும்.’

மாட்டை அங்கே யாரும் பார்த்ததில்லை. கறி தசைத்தொட்டியில் விளைகிறது. ஓர் உயிரணுவை ஊட்டக்கரைசலில் விட்டால், கண்ணும் இல்லாமல் வலியும் இல்லாமல் கட்டியாக வளர்ந்து நிற்கும். யாரையும் கொல்லாத சாப்பாடு. செடி அப்படியா? அது உயிரோடு நிற்கிறது, ஊருக்கே மூச்சு கொடுக்கிறது. அதைப் பிடுங்கித் தின்கிறவன் அடுத்தவன் மூச்சைத் தின்கிறான் என்று சின்னக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு தொட்டிக் கீரை வளர்த்துச் சாப்பிடுவது சட்டப்படி குற்றமில்லைதான். ஆனால் கௌரவமில்லை. ‘தழைதின்னி’ என்று பெயர் விழுந்துவிட்டால் கீழடுக்குகளில் வீடு தரமாட்டார்கள்.

மணிமொழியும் அவள் கணவன் தென்னவனும் தழைதின்னிகள்.

அவர்கள் குடியிருந்தது முதல் அடுக்கில். மேலே கிடக்கும் மண்ணையும் மீறிக் கதிர்வீச்சு கசிகிற இடம். மணிமொழி கர்ப்பமாக இருந்தாள். “வயிறு பெருசாகுறதுக்குள்ள ஆழமான அடுக்குக்குப் போயிடுங்க. இங்கேயே இருந்தா குழந்தைக்கு நான் பொறுப்பில்லை” என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். பார்த்த வீடுகளெல்லாம் கைநழுவிப் போயின. கடைசியாக மிஞ்சியது பத்தாம் அடுக்கில் கோமளவல்லி என்ற அம்மாளின் இரண்டு அறை வீடு. அந்த அம்மாள்தான் அன்று வாசம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

தென்னவன் தெரிந்தவர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கிரில்லை இரவல் வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்திருந்தான். புகை விடாத கிரில். மூடியைச் சாத்தினால் மேலும் கீழும் கம்பிகள் பழுத்து, உள்ளே இருப்பதைத் தானே வறுத்துவிடும். பேசவும் செய்யும், அதுதான் தொல்லை.

“ஏங்க, இதுல மேல்பக்கம் எது?” கறிக்கட்டியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கேட்டாள் மணிமொழி. வாழ்க்கையில் முதல்முறையாக அதைத் தொடுகிறாள்.

“எனக்கு மட்டும் தெரியுமா? உப்பும் மிளகும் தேச்சாச்சுல்ல, வெச்சு மூடு.”

மூடினாள். உடனே திறந்தாள்.

“மூடியைத் திறக்காதீர்கள். சூடு வெளியேறுகிறது” என்றது கிரில்.

மணிமொழியின் கை, திறந்து பார்த்து, கிண்டிவிட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தே சமைத்துப் பழகிய கை. மூடி வைத்துவிட்டு நம்பிக்கையோடு சும்மா நிற்பது அவளால் ஆகிற காரியமா? மறுபடி திறந்தாள். மறுபடி திட்டு வாங்கினாள்.

“அடுப்புகிட்டகூடப் பேச்சு வாங்க வேண்டியிருக்கு, பாருங்க.”

“வாங்கிக்கோ. வீடு கிடைச்சாப் போதும்.”

ஒருவழியாகக் கறி மேலெல்லாம் முறுகி, பழுப்பேறி வெளியே வந்தது. உடனே வெட்டக்கூடாது, ஆறவிட்டால்தான் சாறு உள்ளேயே தங்கும் என்றது கிரில். மணிமொழி குனிந்து மோந்து பார்த்தாள். ஏதோ ஒன்று குறைந்தது. என்ன குறைகிறது என்று அவள் யோசிக்கவில்லை, கையும் யோசிக்கவில்லை. எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, குளியலறை விளக்கடியில் ஒளித்து வளர்த்த செடியிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை வந்து விழுந்தது. சொய்ங்கென்று கறியின் தலையில் கொட்டியும் ஆகிவிட்டது.

“அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்ட!”

“ஐயையோ! கை தன்னால போயிடுச்சுங்க.”

இரண்டு பேரும் குனிந்து இலை இலையாகப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது.

கோமளவல்லிக்கு அறுபது வயதிருக்கும். வாசலிலேயே நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். உட்கார்ந்தார். மெல்லிசாக வெட்டி வைத்த கறியில் ஒரு துண்டு சாப்பிட்டார். “பதமா வந்திருக்கு” என்றார். இன்னொரு துண்டு எடுத்தார். அதை மென்றுகொண்டிருக்கும்போது வாய் நின்றது. நாக்கிலிருந்து எதையோ எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பச்சை இலை.

மணிமொழிக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் நினைப்பு வந்து அழுகை முட்டியது.

கோமளவல்லி எழுந்துபோய்ச் சுவரிலிருந்த காற்றுத்துளையின் மூடியைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, இலையை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

“கறிவேப்பிலை இல்லாம கறி எப்படி எறங்கும்? எங்க வீட்டுல வெள்ளிக்கிழமைன்னா முருங்கைக்கீரைதான். பத்தாம் அடுக்குல எந்த வீட்டுலதான் இல்ல? வெளிய சொல்லிக்க மாட்டோம், அவ்ளோதான்.”

மணிமொழிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. பொறுக்கி ஒளித்து வைத்த இலைகளையும் கொண்டுவந்து தட்டில் வைத்தாள். அந்த அம்மாள் ஒன்று விடாமல் சாப்பிட்டார். உள்ளறையில் தொட்டில் கட்டக் கொக்கிகூடப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொண்டே கேட்டார்.

“பூமியில உங்களுக்கு எந்த ஊரு?”

அவர்கள் குடும்பம் பூமியை விட்டு வந்து ஏழு தலைமுறை ஆகிவிட்டது. “ஆத்தோரமா ஏதோ ஊர்னு எங்கப்பா சொல்வாருங்கம்மா” என்றான் தென்னவன். “பேர் தெரியல.”

“பேர் தெரியாட்டிப் பரவால்ல. ஊருக்குள்ளயா, ஊருக்கு வெளியவா?”

“வெளியன்னா?”

கோமளவல்லி சிரித்தார். கோபமே இல்லாத, பிரியமான சிரிப்பு. “உள்ள இருந்தவங்க மறக்க மாட்டாங்க தம்பி. தலைமுறை தலைமுறையா சொல்லி வெச்சிருப்பாங்க. நான் இதெல்லாம் பாக்குறவ இல்ல. அடுக்குல மத்தவங்க கேப்பாங்க, அதுக்குத்தான்.”

மீதிக் கறியை ஒரு டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டார். “உடம்பைப் பாத்துக்கோ கண்ணு” என்று மணிமொழியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

மறுநாள் பதில் வந்தது. ‘சமையல் வாசனை ஒத்துவராத காரணத்தால் வீடு தருவதற்கில்லை.’

தென்னவன் அதையே திரும்பத் திரும்பப் படித்தான். “நீ மட்டும் அதைத் தாளிச்சுக் கொட்டாம இருந்திருந்தா...”

“அவங்க மென்னு முழுங்கினதை நீங்களும்தானே பாத்தீங்க?”

மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவர்த்திரையில் பூமியின் பழைய வரைபடத்தை வரவழைத்தாள்.

“நல்ல ஊரா ஒண்ணு பாருங்க. அடுத்து வாசம் பாக்க யாராச்சும் வர்றதுக்குள்ள மனப்பாடம் பண்ணிடுவோம். புள்ளைக்கும் சொல்லிக் குடுத்துடலாம்.”

ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர் அகப்பட்டது. கோயில், குளம், தெருக்கள், ஒவ்வொரு வீட்டின் கூரையும் துல்லியமாகத் தெரிந்தன. வயலுக்கு அந்தப் பக்கம், வெகுதூரம் தள்ளி, கொஞ்சம் வீடுகள் தனியாகக் கிடந்தன. மணிமொழி அதைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தாள்.

“ஏங்க, அங்கதான் குழாயே கிடையாதே. காத்து திறந்து கிடந்துச்சே. அப்புறம் எதுக்கு இவங்களை மட்டும் இவ்ளோ தள்ளி வெச்சாங்க?”

தென்னவன் அந்த வீடுகளிலிருந்து விரலை எடுத்து, வயலைத் தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவந்து, குளத்தை ஒட்டிய ஒரு கூரையின் மேல் வைத்தான்.

“இதுதான் நம்ம வீடு” என்றான்.