மறைந்த காத்தவராயன் பேசுகிறேன்

"நான் செத்துட்டேனாம் சார். ரெண்டு வருஷம் ஆச்சாம்," என்றார் காத்தவராயன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. கோரமண்டல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் ஏனோக் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடை அவருடைய தங்கை ஸ்வீட்டியினுடையது. கோலார் தங்கச் சுரங்கம் மூடும் வரை ஏனோக் அதன் டைம் ஆபீஸில் இருந்தார். பிறகு இருபது வருடம் பெங்களூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்ச் சாவுகளைப் பிடித்துக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகாவது இந்த அசிங்கம் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்திருந்தார். விட்டால்தானே?

"உக்காருங்க பெரியவரே. யார் சொன்னது?"

"காலேஜ்லருந்து ஒரு அம்மா. வியாழக்கிழமை வீட்டுக்கு போன் பண்ணி, 'மறைந்த காத்தவராயன் அவங்க வீடுதானே'ன்னு கன்னடத்துல கேட்டாங்க. நான்தான் காத்தவராயன் பேசறேன்னேன். அந்தம்மா எம் பேரை இன்னொரு தபா கேட்டாங்க. அப்புறம் வச்சிட்டாங்க. அதோட எம் பேத்தி சீட்டு போச்சு சார். நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்."

பேத்தி வாணி பக்கத்தில் நின்றாள். பதினேழு வயது. அழுது முடித்த முகம். கையிலிருந்த தாளை நீட்டினாள்.

பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் அவளுக்குச் சுற்றுச்சூழல் அறிவியலில் இடம் கொடுத்திருந்தது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். இப்போது அதே பல்கலைக்கழகம் எழுதியிருந்தது: உதவித்தொகைக் கட்டுரையில் தாத்தா இறந்துவிட்டதாகப் பொய் இருக்கிறது. எழுதியது யார், ஏன் என்று திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் வராவிட்டால் இடம் ரத்து.

"நான் எழுதல சார்," என்றாள் வாணி. "நான் எழுதினது சுரங்கத்துல அரைச்சுக் கொட்டின சயனைடு மேட்டு மண்ணைப் பத்தி. காத்து அடிக்கிற மாசத்துல எங்க வீட்டுக்குள்ள எவ்ளோ மண்ணு விழுதுன்னு ஒரு சாசர் வச்சு, நாப்பது நாள் நகைக்கடைத் தராசுல எடை போட்டேன். அதைத்தான் எழுதினேன். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், அப்ளிகேஷன் போட்டுத் தர்ற நந்தகுமார் சார் சென்டர்லருந்து அனுப்பினேன். மறுநாள் காலையில ஆறு நாப்பதுக்கு யாரோ உள்ள போய் மாத்தினதா காலேஜ் சைட்ல காட்டுது. அப்போ நான் தூங்கிக்கினு இருந்தேன்."

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, நந்தகுமார் சாருக்கு, அப்பாவுக்கு. ஆனா அப்பா அந்நேரம் ரயில்ல இருப்பாரு."

"நந்தகுமார்தாண்ணே," என்றாள் ஸ்வீட்டி உடனே. "வேற யாரு? கிளம்பலாமா?"

"படிச்சிட்டுக் கிளம்பலாம்," என்றார் ஏனோக்.

கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. பெரியவருக்குப் புரிய வேண்டும் என்று அவர் தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"'ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் முன்னால் தாத்தாவின் மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்றார் நர்ஸ். வீங்கிப்போயிருந்ததால் சோப்பு போட்டு இழுத்தார்கள். தாத்தா கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, பாட்டி உயிரோடு இருக்கும்போது இதைக் கழற்றாதீர்கள் என்று கெஞ்சினார். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.'"

காத்தவராயன் சிரித்துவிட்டார். "இன்னா சார் இது? சரோஜா போயே ஏழு வருஷம் ஆவுது. அவ போறப்பகூட நான் பக்கத்துல இல்ல. கண் ஆபரேஷன்னு பெங்களூர்ல கட்டு போட்டுக்கினு கிடந்தேன். எம் மவன் ரவிதான் ஒண்டியா ஆஸ்பத்திரியில அலைஞ்சான். மருமவ இந்தக் கொழந்தையை இட்டுக்கினு பங்காருபேட்டைல அவங்க அம்மா வீட்ல இருந்தா."

"நீங்க எப்பவாவது மோதிரம் போட்டதுண்டா பெரியவரே?"

அவர் வலது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. "முப்பது வருஷம் டிரில் மெஷின் புடிச்ச கை. மோதிரம் போட்டா விரலே போயிடும்னு ஷிப்ட் பாஸ் திட்டுவாரு. கல்யாணத்துக்குக்கூட போடல."

ஏனோக் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவருக்கு டீ கசந்தது.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் நந்தகுமார் குடும்பத்துக்கு நோட்டுப் புத்தகக் கடை. மாடியில் அவர் கல்வி வழிகாட்டி மையம் நடத்தினார். சுவரெல்லாம் சிரிக்கும் மாணவர்களின் படங்கள். நந்தகுமாரும் அதே சிரிப்போடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாணி கட்டுரையை நான் தொடவேயில்லை சார். தொடணும்னு சொன்னேன். மண்ணு, தராசுன்னு எழுதினா யாருக்கு மனசு இளகும்? அவங்க துக்கம் கேக்கறாங்க. நம்ம ஊர்ல அதுக்கு இன்னா பஞ்சம்? கேஜிஎஃப்னாலே வேல்யூ சார். அவங்க அப்பாகிட்டயும் சொன்னேன். மாடல் காட்டறேன், பாருங்க."

பெருமையாக ஒரு கோப்பை எடுத்து வைத்தார். உள்ளே பன்னிரண்டு மாதிரிக் கட்டுரைகள். பன்னிரண்டிலும் ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ சுரங்கத்துக்குள் செத்துக்கொண்டிருந்தார். பாறை வெடித்து நான்கு பேர், ஆட்களை இறக்கும் கேஜின் கயிறு அறுந்து மூன்று பேர், மீதிப் பேர் அறுபத்து மூன்றாம் லெவலில் மூச்சுத் திணறி. எல்லாவற்றிலும் ஒரு சின்னக் குழந்தை ஷாஃப்ட் வாசலில் காத்து நின்றது. சுரங்கம் மூடி இருபத்து நான்கு வருடம் ஆகிறது. இன்று பதினேழு வயதுப் பிள்ளை எந்த வாசலில் நின்றிருக்கும்? அந்த டைம் ஆபீஸில், நிஜமாகவே செத்தவர்களின் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்த கை ஏனோக்கினுடையது. சீ என்று வந்தது. கோப்பை மூடிவிட்டு, குழாயடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"இத வச்சுக்கினு எத்தனை பேருக்கு சீட்டு வாங்கினீங்க?"

"போன வருஷம் அஞ்சு பேர்," என்றார் நந்தகுமார். வெட்கம் கொஞ்சமும் இல்லை.

வெளியே வந்ததும் ஸ்வீட்டி பிடித்துக்கொண்டாள். "ஆளு சிக்கிட்டான் அண்ணே. நேரா போலீசுக்குப் போவலாம்."

"அவன் வெக்கங்கெட்டவன். ஆனா இந்தக் கட்டுரை அவன் எழுதினது இல்ல," என்றார் ஏனோக். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வாணி அப்பா ரவிகுமாருக்கு லீவு. எல்லாரையும் பாலகாட்டுக்கு, அவங்க வீட்டுக்கே வரச் சொல்லு."

பாலகாட்டில், சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லைன் வீடு. முன்னறையில் ஏழு பேருக்கு மேல் இடம் இல்லை. ரவிகுமார் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். வாரத்தில் ஆறு நாள் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர். மனைவி சுனிதா எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். நந்தகுமாரை ஸ்வீட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷம் பொய்ச் சாவு பார்த்தவன் நான்," என்று ஆரம்பித்தார் ஏனோக். "ஒண்ணு தெரிஞ்சுக்கினேன். சாவை யாரும் சும்மா கற்பனை பண்றது இல்ல. தான் பார்த்த சாவைத்தான் எடுத்து மாத்தி எழுதுவாங்க. நந்தகுமார் எந்தச் சாவையும் பார்த்தவர் இல்ல. அதனாலதான் அவர் எழுதின பன்னெண்டும் சுரங்கத்துல, ஒரே அச்சா இருக்கு. இந்தக் கட்டுரையில சுரங்கமே இல்ல. ஆஸ்பத்திரி, சோப்பு, வீக்கம். யாரோ பக்கத்துல நின்னு பார்த்திருக்காங்க."

"யாரு சாவை?" என்றாள் ஸ்வீட்டி.

"பெரியவர் வாழ்க்கையில மோதிரமே போட்டதில்ல. அப்போ கழட்டினது மோதிரம் இல்ல. துணை உயிரோட இருக்கும்போது கழட்டாதேன்னு எந்த ஆம்பளை கெஞ்சுவான்? நம்ம ஊர்ல அந்த வார்த்தை எதுக்கு வரும் ஸ்வீட்டி?"

ஸ்வீட்டி தன்னையறியாமல் சுனிதாவின் காலைப் பார்த்தாள். "மெட்டிக்கு," என்றாள் மெதுவாக.

"மெட்டிக்குத்தான். வீங்கினது கை இல்ல, கால். 'அவர் இருக்கும்போது கழட்டாதீங்க'ன்னு சொன்னது சரோஜம்மா. அன்னைக்கு வாணிக்குப் பத்து வயசு. அவளும் சுனிதாவும் பங்காருபேட்டைல. பெரியவர் கண்ணுல கட்டு. பக்கத்துல இருந்தது ஒரே ஆள். காலையில ஆறு நாப்பதுக்கு மத்தவங்க தூங்கலாம், கடை பூட்டியிருக்கலாம். ரயில்ல போறவன் கையில போன் இருக்கும்."

ரவிகுமார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணுக்காகத்தான் செஞ்சேன்," என்றார். "மண்ணைப் பத்தி எழுதி வச்சிருக்கா சார். இவரு துக்கம் வேணும்னாரு. நான் படிக்காதவனா போயிட்டேன், அவளாவது வரட்டும்னு நெனச்சேன். கைக்கு வந்தது அதான். போன்ல தமிழ்ல போட்டேன், அதுவே இங்கிலீஷ்ல மாத்திக் கொடுத்திச்சு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நைனா, போன் எடுத்தது உங்க தம்பி, பேரைத் தப்பாச் சொல்லிட்டாருன்னு சொல்லிடலாம். ஒரு மாசம் நீங்க பங்காருபேட்டைல போய் இருங்க. அவ காலேஜ்ல சேர்ந்துடுவா."

ஒரு முறை சாகடித்தது போதாமல், பெற்ற தகப்பன் முன்னால் உட்கார்ந்து, இன்னும் ஒரு மாதம் செத்திரு என்று கேட்கிறான். நந்தகுமார்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

காத்தவராயனுக்கு அதெல்லாம் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"சரோஜாவா அப்படிச் சொன்னா?" என்று கேட்டார்.

ரவிகுமார் தலையை ஆட்டினார்.

"ஏழு வருஷமா எங்கிட்ட சொல்லலியேடா."

"அழுவீங்கன்னுதான் நைனா சொல்லல."

"யாருன்னே தெரியாதவங்களுக்குச் சொல்லியிருக்கே," என்றார் காத்தவராயன். குரல் உயரவில்லை. "கழட்டினாங்களா?"

"கழட்டினாங்க. ஸ்கேன் எடுத்தாவணும் இல்ல."

கிழவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். வாணி பின்னாலேயே போனாள்.

ஏனோக் ஒரு வெள்ளைத் தாளை ரவிகுமார் முன்னால் வைத்தார். "நடந்ததை அப்படியே எழுதுங்க. மக எழுதினதை எடுத்துட்டு நான்தான் மாத்தினேன்னு எழுதுங்க. நந்தகுமார், வாணியோட மண்ணுக் கட்டுரை உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும் இல்ல? ஸ்வீட்டி இப்பவே உங்களோட வருவா."

ரவிகுமார் முதலில் தன்மேல் குற்றம் இல்லாத மாதிரி ஒரு பக்கம் எழுதினார். ஏனோக் கிழித்துப் போட்டார். மூன்றாவது தாளில்தான் உண்மை வந்தது. திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடிதமும் பழைய கட்டுரையும் போய்ச் சேர்ந்தன.

புதன்கிழமை அதே அம்மாள் வாணியின் போனுக்கே பேசினார். ஜெராக்ஸ் கடையில் எல்லாரும் கேட்கும்படி வாணி ஸ்பீக்கரில் போட்டாள். மண்ணுக் கட்டுரை மிகவும் நன்றாக இருக்கிறதாம். இடம் அவளுக்குத்தானாம். ஸ்வீட்டி கையைத் தட்டப் போனாள். அந்த அம்மாள் இன்னும் முடிக்கவில்லை. பாட்டியின் மெட்டி விஷயத்தை அப்பா கடிதத்தில் படித்து அலுவலகமே கண்கலங்கிவிட்டதாம். தாத்தா படத்தோடு அதைப் பல்கலைக்கழக இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

ஏனோக் தெருவோரம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அது எங்க பாட்டியோடது மேடம். தர முடியாது," என்றாள் வாணி. "மண்ணுக் கட்டுரையைப் போட்டுக்கோங்க."

மறுநாள் சேர்க்கைப் படிவம் வந்தது. ரவிகுமார் அரை நாள் லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டையில் கடைக்கு வந்தார். சட்டைப்பையில் புதுப் பேனா. சுனிதாவும் காத்தவராயனும் கூட வந்திருந்தார்கள். ஸ்வீட்டி படிவத்தை அச்செடுத்து மேசையில் வைத்தாள். வாணி பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் நிரப்பினாள். பாதுகாவலர் என்ற இடம் வந்ததும் ரவிகுமார் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு முன்னால் வந்து நின்றார்.

வாணி அந்தக் கட்டத்தில் காத்தவராயன் என்று எழுதினாள். உறவு என்ற இடத்தில் தாத்தா. வயது எழுபத்தெட்டு.

"அப்பா நிக்கிறாரு இல்ல, வாணி," என்றாள் சுனிதா.

"தெரியும்மா," என்று சொல்லிவிட்டு, அவள் தாளைத் தாத்தா பக்கம் திருப்பி வைத்தாள்.

"எங்க போடணும்?" என்று கேட்டார் காத்தவராயன். அவள் இடத்தைக் காட்டினாள். நுனியில்லாத விரலால் பேனாவைப் பிடித்து, அவர் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.