பூஜ்ஜியத்தில் தொடங்கும் வாளி

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க!"

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் கணினி வகுப்பு நடத்தும் எர்னஸ்டிடம் வந்து சொன்னாள் மருதம்மாள். மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், பதினெட்டாம் எண்காரி. அது 1987. முந்தின மாதம் ஆபிசுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாள் முதல், கணக்கில் அவள் பெயரில் ஒரு சொட்டுப் பால்கூட இல்லையாம். பதினாறு, பதினேழு, பத்தொன்பதுக்கும் அதே கதி. முதல் எண்காரன் மணியத்துக்கு மட்டும் மூன்று மடங்கு. மணியம் அவளுடைய தம்பி.

"நாலு பொம்பளைங்களும் அவன் வாளியில ஊத்திட்டோமாம். வேலையும் போச்சு, தோட்டத்து வீடும் போச்சுன்னு மேனேஜர் தொரை சொல்றாரு."

"கணக்கு எழுதுற கிராணிதான் திருடன் லா!" என்று துள்ளி எழுந்தார் உடன் வகுப்பெடுக்கும் ரஹ்மத்.

"பொறு ரஹ்மத். நாலு பேர் பாலும் மணியத்தோடதும் சேர்ந்தா எத்தனை மடங்கு?"

"அஞ்சு."

"வந்தது மூணுதானே?"

மூவரும் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள்.

தோட்டத்துப் பால் ஸ்டோரில் வாளிகள் வரிசையாக இருந்தன. 001, 002 என்று மூன்று இலக்கமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வெட்டிய காலத்து வழக்கம்; இப்போது பத்தொன்பது பேர்தான். "வாளியில உள்ள நம்பரை அப்படியே கம்ப்யூட்டர்ல தட்டுவேன் சார்," என்றார் கிராணி தர்மலிங்கம். எர்னஸ்ட் புரோகிராமைப் படித்தார், பிறகு எல்லாரையும் ஆபிசுக்கு அழைத்தார்.

"யாரும் திருடல. தட்டுற எழுத்தை எண்ணா மாத்த சி மொழியில 'ஸ்டர்டோல்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. எத்தனை எத்தனையா எண்ணணும்ங்கற அடிமானத்தைச் சொல்லாம பூஜ்ஜியம்னு விட்டா, அதுவே பார்த்து முடிவு பண்ணும். முன்னால பூஜ்ஜியம் இருந்தா எட்டெட்டா எண்ணும். அந்தக் கணக்குல எட்டு, ஒன்பதுங்கற இலக்கமே கிடையாது. 018-ல ஒன்னு வரைக்கும் படிச்சு, எட்டைக் கண்டதும் நின்னுடும். 019-ம் அப்படித்தான். ரெண்டு பேர் பாலும் ஒன்னாம் நம்பருக்குப் போச்சு. 017-ஐ எட்டும் ஏழும் பதினைஞ்சுன்னு படிச்சு பதினைஞ்சாம் நம்பருக்குக் கொடுத்திடும்; 016 பதினாலாம் நம்பருக்கு. 008-ம் 009-ம் வெறும் பூஜ்ஜியம், அந்தப் பால் யார் கணக்குலயும் ஏறல."

"மத்தவங்க?" என்றார் துரை.

"பலரோடதும் இடம் மாறித்தான் கிடக்கு. கிட்டத்தட்ட ஒரே அளவு வெட்டறதால யாருக்கும் தெரியல."

"அட, முட்டாள் ஃபங்ஷன்!" என்றார் ரஹ்மத்.

"முட்டாளா?" எர்னஸ்டின் கண்கள் விரிந்தன. "எங்க நின்னுச்சோ அந்த இடத்தைச் சுட்டிக் காட்டுது ரஹ்மத்! எட்டு மேல விரலை வச்சு, 'இதுக்கு மேல எனக்குத் தெரியல'ன்னு தினமும் சொல்லியிருக்கு. எழுதினவர்தான் திரும்பிப் பார்க்கல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது."

தர்மலிங்கம் தட்டிய எழுத்துகள் எல்லாம் உள்ளே அப்படியே பதிவாகியிருந்தன. எர்னஸ்ட் அடிமானத்துக்கு இருந்த பூஜ்ஜியத்தைப் பத்தாக மாற்றி மீண்டும் ஓட்டினார். பதினெட்டுக்கு நேரே எண்கள் வரிசையாக இறங்கின.

துரை மருதம்மாளிடம் திரும்பினார். "வீடும் வேலையும் உனக்குத்தான், மருதம்மா."

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "அண்ணே, இது நான் வெட்டின பாலா?"

"அம்புட்டும் நீ வெட்டினதுதான்."

மருதம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "அடேயப்பா! இந்தப் பொட்டி ஒரு சொட்டுக்கூட விடாம வச்சிருந்திருக்கே!"