நின்ற தட்டில் ஊசி

மறுபடியும் இசைத்தட்டின் மேல் ஊசி குதித்தது. பாடிக்கொண்டிருந்தவரின் குரல் பாதி வார்த்தையில் அறுந்து அடுத்த வரியில் போய் விழுந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த ஜெபசீலன் கால் விரலைக்கூட அசைக்கவில்லை. வீட்டில் நடமாட வேறு ஆளும் இல்லை. மனைவி எப்சி வேலூரில் ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தாள். பாப்பா உள்ளறைப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னும் நடை பழகாத குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் ஓவர்டைம். வெளிநாட்டுக்குப் போகிற ஷூ ஜோடிகளைத் தையல் தையலாகப் பார்த்துக் கண் எரிந்துபோயிருந்தது. பாப்பாவுக்குப் பல் முளைக்கிறதால் ராத்திரியிலும் தூக்கம் இல்லை. சர்ச்சில் கீபோர்டு வாசித்துவிட்டு வந்தவன் நேராகப் படுத்திருக்க வேண்டும். ஆனால் நிசார் அஹமதுவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நிசார் அவனோடு கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவனுடைய அப்பா சேர்த்துவைத்த இசைத்தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றைக் கேட்பதற்காக விலை குறைவான பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்திருந்தான். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். உனக்குத்தான் காது இருக்கிறது, கேட்டுச் சொல் என்று இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

குறை சொல்ல அதிகம் இல்லை. மோட்டார் ஒரு மூலையில் ஒதுங்கி இருந்து, மெல்லிய ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றியது. அதனால் அதன் உறுமல் ஊசிக்கு ஏறவில்லை. வேகம் கொஞ்சம் கம்மி, சாதாரணக் காதுக்குத் தெரியாது. அடிப்பலகைதான் லேசு. பக்கத்தில் யாராவது அழுத்தி நடந்தால் ஊசி குதித்துவிடும்.

யார் நடந்தார்கள்?

லாரி ஏதாவது போயிருக்கும் என்று ஜன்னலைப் பார்த்தான். தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. காற்று திரும்பி, ஆற்றுப் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஈரத்தோலின் புளித்த வாடையைக் கொண்டுவந்து அறைக்குள் விட்டது. பிறந்ததிலிருந்து பழகிய வாடை. ஆனால் அன்றைக்கு அது ஜன்னல் பக்கமிருந்து வராமல், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல இருந்தது.

மோட்டாரை நிறுத்தினான். அதிர்வைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தட்டு சுற்றாமல் நிற்கும்போது ஊசியை அதன்மேல் வைத்து ஸ்பீக்கரைக் கூட்டிவிட்டால், ஊசிக்கு எட்டுகிற ஒவ்வொரு அதிர்வும் சத்தமாகக் கேட்கும். டர்ன்டேபிள் இருந்த தையல் மேஜையை விரலால் தட்டினான். டும். காலால் தரையை மிதித்தான். சற்று மெலிதாக, டும். பிறகு சும்மா உட்கார்ந்தான். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல், தூரத்து மழை போல, நிற்காமல், இமையை இழுத்து மூடுகிற மாதிரி.

டும்.

எங்கோ தள்ளி. சமையலறைப் பக்கம் இருக்கலாம். இன்னொன்று. அடுத்து, எதையோ தரையில் இழுப்பதுபோல நீளமாக ஓர் உரசல்.

போன் அடித்தது. நிசார்.

"இன்னா தோஸ்த், எப்டி இருக்கு?"

"பாட்டு நல்லாத்தான் வருது. அதிர்வுதான் ஜாஸ்தி."

"உன் குரலே சரியில்லயே. ரெஸ்ட் எடுத்துட்டுப் பாத்திருக்கலாம் இல்ல." நிசார் சற்று நிறுத்தினான். "யாரு அது வீட்ல நடக்கறது? எப்சி தங்கச்சி வந்துடுச்சா?"

ஜெபசீலன் சமையலறைப் பக்கம் பார்த்தான். அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

தன் கால்தானோ என்னவோ என்று இரண்டு பாதங்களையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டான். மூச்சை அடக்கினான். காதைத் தீட்டினால் வீடு அமைதியாகத்தான் இருந்தது. ஸ்பீக்கரில் மட்டும் யாரோ நடந்தார்கள். ஒரு அடி, ஓர் உரசல். ஒரு அடி, ஓர் உரசல். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கனமாக. மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் ஸ்பீக்கரின் முகப்பே அதிர்ந்தது. அங்கே நின்றது. ஊசியைத் தாங்கிய கம்பி நடுங்கியது. மேஜையைச் சுற்றி மொசைக் தரை வெறுமையாகப் பளபளத்தது.

கனவு என்று சொல்லிக்கொண்டான். தூங்காதவனுக்கு இப்படியெல்லாம் வரும் என்று எப்சிகூடச் சொல்லியிருக்கிறாள்.

சத்தம் திரும்பியது. மெலிந்தது. விலகிப் போனது.

உள்ளறைப் பக்கம்.

எழுந்து ஓடினான். அவனுடைய காலடிகள் ஸ்பீக்கரில் இடிபோல விழுந்தன. அவற்றின் நடுவே, அவனுடையதல்லாத அந்த உரசல். பாப்பா பாயில் மல்லாந்து கிடந்தது. வாரி எடுத்தான். பவுடரும் பாலும் கலந்த சூடான வாசனை. அதற்கு மேல் ஈரத்தோல். தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைக் கடந்து வாசல் கதவுக்கு வந்தான். வெளியே போய்விட்டால் போதும். பக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். எப்சி வரும்வரை உட்கார்ந்துகொள்ளலாம். மேல் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. ஒரு கையால் இழுத்தான். வரவில்லை. தோள் வலித்தது.

அவன் நின்றுவிட்டான். ஸ்பீக்கர் நிற்கவில்லை.

டும்.

மேஜை அதிர்கிற சத்தம். அதைத் தாண்டியது. மெலிந்தது. மேஜையிலிருந்து தள்ளி வந்தது.

கதவுப் பக்கம்.

பிறகு ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல்.

திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. தாழ்ப்பாளை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் குழந்தையை அணைத்துக்கொண்டான். பாப்பா விழித்துவிட்டது. தலையை நிமிர்த்தி அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் வீறிடுகிற குழந்தை. இப்போது அழவில்லை. சிரித்தது. அவன் கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் விலகின. இரண்டையும் முன்னால் நீட்டியது. தூக்கு என்பதுபோல.

"பாப்பா," என்றான். "வேணாம்டா."

இறுக்கினான். முடிந்தமட்டும் இறுக்கினான். அவன் கண்ணுக்கு அருகிலேயே, குழந்தையின் இரண்டு அக்குளிலும், கவுன் துணி உள்ளே அமுங்கிச் சுருங்கியது. இந்தப் பக்கம் நான்கு மடிப்பு. அந்தப் பக்கம் நான்கு மடிப்பு, விரல்கள் பதிந்ததுபோல.

அவன் கைகளில் குழந்தையின் கனம் குறையத் தொடங்கியது.